நடு சென்டரும் நடுவிலே ஒரு கமாவும்



"நடு சென்டர்" என்று யாராவது சொன்னால் நாம் எல்லோரும் சிரித்துவிடுகிறோம். "கேட் வாசல்ல நில்லு" என்றாலும் சிரிப்புதான். நடு என்றாலும் சென்டர் என்றாலும் ஒன்றுதானே, எதற்கு இரண்டு தடவை என்று கேலி பேசுகிறோம். ஆனால் அதே நாம் ஒரு வேலைக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தால் "ரிட்டர்ன் பேக்", "ரிபீட் அகெய்ன்", "டிஸ்கஸ் அபவுட்" என்று வரிக்கு ஒரு நடு சென்டர் வைத்துவிடுகிறோம். யாரும் சிரிப்பதில்லை. ஏனென்றால் படிக்கிறவர் நம் எதிரில் இல்லை. அவர் பேசாமல் அந்த விண்ணப்பத்தைக் கட்டின் அடியில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்கிறார். அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் தேவையில்லாத சொல்லையும் இடம் மாறி விழும் கமாவையும் எப்படித் தவிர்ப்பது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இது இலக்கணப் பாடமாயிற்றே என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஒரு சொல்லும் ஒரு கமாவும் பணத்தையும் நிலத்தையும் ஏன், ஜெயிலையும்கூடத் தீர்மானித்த கதைகள் இதில் இருக்கின்றன. அதில் ஒன்று நம் கூடலூர்க் கதை.

நம் ஊரிலேயே இருக்கும் இரட்டைச் சொற்கள்

முதலில் நம் மலையைச் சுற்றிப் பார்ப்போம். "கிரி" என்றால் மலை. ஆகவே "நீலகிரி ஹில்ஸ்" என்றால் நீலமலை மலைகள்! படுக மொழியில் "தொட்ட" என்றால் பெரிய, "பெட்டா" என்றால் மலை. 2,637 மீட்டர் உயரமுள்ள அந்த மலையை நாம் "தொட்டபெட்டா பீக்" என்கிறோம். கூடலூர்ப் பக்கம் ஓடும் பாண்டியாறு, ஆங்கிலப் பலகையில் "பாண்டியார் ரிவர்" ஆகிவிடுகிறது, ஆறு இரண்டு தடவை ஓடுகிறது. "ஷோலா ஃபாரஸ்ட்" என்பதில் இருக்கும் ஷோலாவும் நம் சோலைதான். தேவர்சோலைக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தரவா வேண்டும்?

இதெல்லாம் தப்பா என்றால், இல்லை. பெயர் என்று ஆகிவிட்டால் அதன் பழைய அர்த்தம் உறங்கிப் போகிறது. கேரளாவிலிருந்தோ கர்நாடகாவிலிருந்தோ வருபவருக்குப் பாண்டியார் என்பது ஆறா ஊரா என்று தெரியாது. அங்கே "ரிவர்" என்ற சொல் ஒரு வேலை செய்கிறது. இதுதான் நமக்கு வேண்டிய அளவுகோல். ஒரு சொல்லை எடுத்துவிட்டால் படிப்பவருக்கு ஏதாவது குறைகிறதா? குறைந்தால் அது தேவையான சொல். குறையவில்லை என்றால் அது நடு சென்டர்.

நம் பாலிடெக்னிக் பாடத்திலும் இதே சங்கதி உண்டு. "ஏ.சி. கரண்ட்" என்பதில் "சி" என்பதே கரண்ட்தான். "ஐ.சி. சர்க்யூட்" என்பதிலும் "சி" சர்க்யூட்டேதான். "எல்.இ.டி. டயோடு", "எல்.சி.டி. டிஸ்ப்ளே", "ஏ.டி.எம். மெஷின்", "பின் நம்பர்" எல்லாம் இந்த வகை. "1,440 ஆர்.பி.எம். பெர் மினிட்" என்று லேப் ரெக்கார்டில் எழுதுகிற நண்பரே, அந்த எம்மே மினிட்தான்! இவற்றில் "ஏ.சி. கரண்ட்" போன்றவை பழகிப்போய் நல்ல புத்தகங்களிலும் வந்துவிட்டன. யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் "ஆர்.பி.எம். பெர் மினிட்" வெறும் வழக்கம் அல்ல, அளவே மாறிவிடும் தப்பு. நிமிடத்துக்கு நிமிடம் வேகம் கூடுகிறது என்று அர்த்தமாகிவிடும். வைவாவில் எக்ஸ்டர்னல் பிடித்துக்கொண்டால் தப்பிப்பது கஷ்டம்.

இந்தத் தப்பு எங்கிருந்து வருகிறது?

"நம்ம பசங்களுக்கு இங்கிலீஷ் வராது" என்று பெரியவர்கள் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். அது சரியல்ல. இந்தத் தப்புகளைக் கூர்ந்து பார்த்தால், பெரும்பாலானவை நல்ல தமிழிலிருந்து வருபவை.

"ஒய் பிகாஸ்" என்று ஏன் சொல்கிறோம்? தமிழில் "ஏனென்றால்" என்கிறோம். அதில் "ஏன்" இருக்கிறது. ஏன் என்றால் ஒய், அதற்குப் பிறகு பிகாஸ். தமிழில் அது ஒரே சொல், ஆங்கிலத்தில் போகும்போது இரண்டாகிவிடுகிறது. "பிகாஸ்" மட்டும் போதும்.

"டிஸ்கஸ் அபவுட்" எப்படி வந்தது? நாம் "அதைப் பற்றி" விவாதிக்கிறோம். அந்தப் "பற்றி"தான் "அபவுட்". ஆங்கிலத்தில் டிஸ்கஸ் என்ற சொல்லுக்குள்ளேயே அந்தப் "பற்றி" அடங்கிவிட்டது.

"ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங், பட் வி கேம்" என்று எழுதுகிறோம். "மழை பெய்தாலும், ஆனாலும் வந்தோம்" என்று பேச்சுத் தமிழில் சொல்லலாம், அழுத்தம் கிடைக்கும். ஆங்கிலத்தில் ஆல்தோ, பட் இரண்டில் ஒன்று இருந்தால் போதும். "பிகாஸ்" போட்ட வாக்கியத்தில் மறுபடி "சோ" போடுவதும் இதே கதைதான்.

"கசின் பிரதர்" என்பதும் அப்படியே. அண்ணனா தம்பியா, மாமன் மகனா சித்தப்பா மகனா என்று முறை சொல்லாமல் நமக்குப் பேசவே வராது. கசின் என்று மொட்டையாக விட மனசு வராததால் ஒரு பிரதரைச் சேர்த்துவிடுகிறோம்.

ஆகவே இது அறியாமை அல்ல, ஒரு மொழியின் பழக்கம் இன்னொரு மொழிக்குள் நுழைவது. நம் வகுப்பிலே தமிழ், மலையாளம், கன்னடம், படுகு, பணியர் மொழி என்று எத்தனை தாய்மொழிகள்! ஒவ்வொன்றும் தன் வழியில் ஆங்கிலத்தை வளைக்கும். எங்கே வளைகிறது என்று தெரிந்துகொண்டால் நிமிர்த்துவது சுலபம்.

இன்னொரு காரணமும் உண்டு. அது மரியாதை. சொல் கூடினால் மரியாதையும் கூடும் என்று நினைக்கிறோம். "ஐ ஹம்ப்ளி பெக் டு ஸ்டேட்" என்பது வெள்ளைக்காரன் காலத்து மனுக்களின் நடை. அவன் போன பின்பும் நடை போகவில்லை. இங்கிலாந்திலேயே அரசாங்கக் கடிதங்களின் இந்த வீண் சொற்களைக் குறைக்க, எர்னஸ்ட் கவர்ஸ் என்ற அதிகாரி 1948-ல் ஒரு சிறு நூல் எழுதினார். அரசு ஊழியர்களுக்கு எளிய ஆங்கிலம் சொல்லித் தருவதற்காகவே, அவர்கள் நிதித் துறை கேட்டுக்கொண்டு எழுதிய நூல் அது. அவர்களே விட்டுவிட முயன்றதை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

ஒரு சொல்லின் எடை

"சரி, ஒரு சொல் கூடினால் என்ன குடியா முழுகிவிடும்?" என்று கேட்கலாம். சட்டத்தைப் படிப்பவர்கள் ஒரு விதியைப் பின்பற்றுகிறார்கள். சட்டம் எழுதியவர் ஒரு சொல்லையும் வீணாக எழுதியிருக்க மாட்டார் என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பொருள் தேடுவார்கள். அதனால் அழகுக்காகச் சேர்த்த சொல்லுக்கும் யாராவது ஒரு நாள் அர்த்தம் கண்டுபிடிப்பார்கள். அது நமக்குச் சாதகமாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஒரு சொல் எவ்வளவு பெரிது என்பதற்கு நம் கூடலூரே சாட்சி. நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்ப் பகுதியில் மரம் வெட்டுவதைத் தடுக்க வேண்டும் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சென்றார். அந்த வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று ஒரு உத்தரவு வந்தது. 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ள "ஃபாரஸ்ட்" என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும் என்றது நீதிமன்றம். அதாவது, அரசுப் பதிவேட்டில் ரிசர்வ் என்று இருந்தால்தான் காடு என்பதில்லை. நிலம் யாருடையதாக இருந்தாலும், காடு காடுதான். நம் மலையில் தொடங்கிய வழக்கு, ஒரே ஒரு சொல்லின் பொருளால், இந்தியா முழுவதும் மரம் வெட்டுவதையும் மர ஆலைகளையும் தொட்டுவிட்டது.

"செக்‌ஷன் 17 நிலம்" என்றால் கூடலூர் தாலுகாவில் தெரியாதவர் இல்லை. அது 1969-ஆம் ஆண்டு ஜன்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவு. பட்டா கேட்டும் கரண்ட் கேட்டும் மனு எழுதுகிற குடும்பங்கள் நம் நடுவிலே இருக்கின்றன. டிப்ளமோ படிக்கிற பிள்ளை என்று அக்கம்பக்கத்தார் மனுவை நம்மிடம்தான் கொண்டுவருகிறார்கள். ஆகவே ஒரு சொல்லைக் கவனமாகப் போடுவது மார்க்குக்கான விஷயம் மட்டுமல்ல.

இனி கமாவுக்கு வருவோம்

தமிழில் காற்புள்ளி பிற்பாடு வந்த விருந்தாளி. ஓலைச்சுவடியில் கமாவும் இல்லை, கேள்விக்குறியும் இல்லை. அச்சு யந்திரத்தோடு வந்தவை அவை. அவை இல்லாமலே நாம் எப்படிப் பிழைத்தோம்? கமா செய்யும் வேலையை நம் விகுதிகள் செய்தன. "அப்பாவும் அம்மாவும் தம்பியும்" என்பதில் "உம்" வந்துவிட்டால் கமாவே வேண்டாம்.

இந்திக்காரர்கள் ஒரு வேடிக்கை சொல்வார்கள். "ரோக்கோ, மத் ஜானே தோ" என்றால் நிறுத்து, போகவிடாதே. "ரோக்கோ மத், ஜானே தோ" என்றால் நிறுத்தாதே, போகவிடு. கமா ஒரு சொல் தள்ளிப் போனதும் ஆளே தப்பிவிடுகிறான்! தமிழில் இந்த வித்தை நடக்காது. "நிறுத்தாதே" என்பதில் "ஆதே" வினையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, பிரிக்கவே முடியாது. இதனால்தான் நமக்குக் கமாவின் அருமை தெரிவதில்லை. மூச்சு வாங்குகிற இடத்தில் எல்லாம் ஒரு கமா போட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் கமா மூச்சுக்காக அல்ல, அர்த்தத்துக்காக. நாம் அதிகமாகச் செய்யும் தப்புகள் ஐந்து.

1. எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே கமா. "ஆல் தி ஸ்டூடண்ட்ஸ் ஸ்டேயிங் இன் தி ஹாஸ்டல், மஸ்ட் பே தி ஃபீஸ்" என்று எழுதுகிறோம். நீளமாக இருப்பதால் மூச்சு வாங்கத் தோன்றுகிறது. ஆனால் "ராமு, வந்தான்" என்று எழுதுவோமா? எழுவாய் ஒரு சொல்லாக இருந்தாலும் பத்துச் சொல்லாக இருந்தாலும் விதி ஒன்றே. அங்கே கமா கூடாது.

2. "தட்" என்ற சொல்லுக்குப் பின் கமா. "ஹி செட் தட், ஹி இஸ் கமிங்." நாம் "வருகிறேன் என்று" என்னும்போது "என்று"வில் ஒரு நிறுத்தம் வருகிறது. அந்த நிறுத்தம்தான் இங்கே கமாவாகக் குதிக்கிறது. எடுத்துவிடுங்கள்.

3. இரண்டு முழு வாக்கியங்களை வெறும் கமாவால் ஒட்டுவது. "தி பஸ் டிட் நாட் கம், ஐ வாஸ் லேட்." இங்கே முற்றுப்புள்ளி வைக்கலாம், அல்லது "சோ" என்று ஓர் இணைப்புச் சொல் சேர்க்கலாம். கமா மட்டும் அந்தப் பாரத்தைத் தாங்காது.

4. "வென்", "இஃப்" என்று தொடங்கும் பகுதி முடிகிற இடத்தில் கமாவை விட்டுவிடுவது. ஒர்க்‌ஷாப் பலகையில் "வென் தி மோட்டார் ஸ்டாப்ஸ் இம்மீடியட்லி ஸ்விட்ச் ஆஃப் தி மெயின்" என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். உடனே நிற்பது மோட்டாரா? உடனே ஆஃப் செய்ய வேண்டியது நாமா? "ஸ்டாப்ஸ்" என்பதற்குப் பின் ஒரு கமா போட்டால் சந்தேகம் தீர்ந்தது. டீ ஃபேக்டரியில் ரோலர் பக்கத்தில் நிற்பவருக்கு யோசித்துப் படிக்க நேரம் இருக்காது.

5. இதுதான் மிக முக்கியம். "ஹூ" வரும் இடத்துக் கமா. இந்த இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்.

"தி ஒர்க்கர்ஸ் ஹூ டிட் நாட் கெட் போனஸ் மெட் தி மேனேஜர்."

"தி ஒர்க்கர்ஸ், ஹூ டிட் நாட் கெட் போனஸ், மெட் தி மேனேஜர்."

கமா இல்லாத முதல் வாக்கியத்தில் சிலருக்குப் போனஸ் கிடைத்தது, கிடைக்காதவர்கள் மட்டும் மேனேஜரைப் பார்த்தார்கள். இரண்டு கமா உள்ள அடுத்த வாக்கியத்தில் யாருக்குமே போனஸ் கிடைக்கவில்லை, எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். எஸ்டேட்டில் வளர்ந்த நமக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிது என்று தெரியும். தமிழில் "போனஸ் கிடைக்காத தொழிலாளர்கள்" என்று எழுதினால் இரண்டு அர்த்தமும் வரும். "மட்டும்" சேர்த்தோ, "யாருக்கும் கிடைக்கவில்லை" என்று தனி வாக்கியமாகச் சொல்லியோ தெளிவாக்குவோம். அந்த "மட்டும்" செய்கிற வேலையை ஆங்கிலத்தில் கமா செய்கிறது.

கோர்ட்டுக்குப் போன கமாக்கள்

நம் நாட்டு மருந்துச் சட்டம் 1940-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 27-வது பிரிவின் அன்றைய வாசகத்தில் குற்றங்களை வரிசையாகச் சொல்லும்போது "ஸ்டாக்ஸ் ஆர் எக்ஸிபிட்ஸ் ஃபார் சேல்" என்று இருந்தது. "ஸ்டாக்ஸ்" என்பதற்குப் பின் கமா இல்லை. 1979-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்புகளில் வெளியான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கவனித்தது. கமா இல்லாததால் "விற்பனைக்காக" என்பது இருப்பு வைப்பதையும் சேர்த்தே குறிக்கிறது, ஆகவே வெறுமனே கையில் வைத்திருப்பது அந்தப் பிரிவின்படி குற்றமல்ல, விற்பதற்காக வைத்திருந்தார் என்று நிரூபிக்க வேண்டும் என்று கூறியது. இல்லாத ஒரு கமா!

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் கம்பெனியின் லாரி டிரைவர்கள் ஓவர்டைம் கேட்டார்கள். அந்த மாநிலச் சட்டத்தில் ஓவர்டைம் கிடையாத வேலைகளின் பட்டியல் ஒன்று இருந்தது. அதன் கடைசியில் "பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்" என்று, "ஆர்" என்பதற்கு முன் கமா இல்லாமல் இருந்தது. "பேக்கிங் செய்வதுதான் பட்டியலில் இருக்கிறது, நாங்கள் பேக்கிங் செய்வதில்லை, கொண்டுபோய்க் கொடுக்கிறோம்" என்றார்கள் டிரைவர்கள். 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டம் தெளிவாக இல்லை என்று சொல்லி டிரைவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2018-ல் கம்பெனி 50 லட்சம் டாலருக்கு ராஜி செய்துகொண்டது. பட்டியலின் கடைசிச் சொல்லுக்கு முன் கமா போடுவதும் விடுவதும் அவரவர் வழக்கம். ஆனால் குழப்பம் வரும் என்று தெரிந்தால் போட்டுவிடுவதே நல்லது.

நம் தொழிலுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஜெர்மன், பிரெஞ்சு மெஷின் டிராயிங்குகளில் கமாதான் தசமப் புள்ளி. "12,5" என்றால் பன்னிரண்டரை மில்லிமீட்டர். அதை நூற்றிருபத்தைந்து என்று படித்தால் ஜாப் ஸ்கிராப்புக்குத்தான் போகும்!

ஒரு கடிதத்தைச் சுத்தம் செய்வோம்

பஸ் சரியாக வரவில்லை என்று ஒரு மனு. ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம்.

"ரெஸ்பெக்டட் சார், ஐ ஹம்ப்ளி பெக் டு ஸ்டேட் தட், தி ஸ்டூடண்ட்ஸ் ஹூ ஆர் கமிங் டெய்லி எவ்ரி டே ஃப்ரம் தேவர்சோலை சைடு, ஆர் ரீச்சிங் லேட் ஒய் பிகாஸ் தி மார்னிங் பஸ் இன் தி மார்னிங் டைம் இஸ் நாட் கமிங் ப்ராப்பர்லி. சோ கைண்ட்லி ஐ ரிக்வெஸ்ட் யூ டு கைண்ட்லி டிஸ்கஸ் அபவுட் தி சேம் அண்ட் டூ தி நீட்ஃபுல்."

50 சொற்கள். டெய்லி, எவ்ரி டே இரண்டும் ஒன்று. மார்னிங் இரண்டு, கைண்ட்லி இரண்டு. "தட்" பின்னால் ஒரு வீண் கமா, "சைடு" பின்னால் இன்னொன்று. எல்லாவற்றையும் வெட்டிப் பாருங்கள், ஓர் உண்மை வெளியே வரும். எந்த பஸ் என்று இதில் இல்லை. என்ன வேண்டும் என்றும் இல்லை! வீண் சொல்லின் பெரிய கெடுதல் இதுதான். விஷயம் விட்டுப் போனதையே அது மறைத்துவிடுகிறது.

"ரெஸ்பெக்டட் சார், ஸ்டூடண்ட்ஸ் ஃப்ரம் தேவர்சோலை ரீச் காலேஜ் லேட் பிகாஸ் தி 7.30 பஸ் ஆஃபன் டஸ் நாட் கம். ப்ளீஸ் ரன் இட் எவ்ரி ஒர்க்கிங் டே."

22 சொற்கள். மரியாதை அப்படியே இருக்கிறது. எந்த பஸ், என்ன கோரிக்கை என்பது ஒரு பார்வையில் தெரிகிறது. அதிகாரி "முடியும்" என்றோ "முடியாது" என்றோ பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். முன்னதற்கு "ஆவன செய்யப்படும்" என்று எழுதி ஃபைலை மூடிவிடலாம்.

இப்போதெல்லாம் செல்போனே திருத்தித் தருகிறதே, இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். ஸ்பெல்லிங்கை அது பார்த்துக்கொள்ளும், மறுக்கவில்லை. ஆனால் போனஸ் கிடைக்காதது எல்லோருக்குமா, சிலருக்கு மட்டுமா என்பது செல்போனுக்கு எப்படித் தெரியும்? அது எழுதுகிற நமக்குத்தான் தெரியும். கமாவை எங்கே வைப்பது என்பதும் அதனால் நம் பொறுப்பு.

முடிவாக ஒரு சின்னப் பயிற்சி. எதை எழுதினாலும் மூன்று முறை படியுங்கள். முதல் முறை, எடுத்தால் குறையாத சொல்லை அடியுங்கள். இரண்டாம் முறை, ஒவ்வொரு கமாவிலும் விரலை வைத்து "நீ இங்கே என்ன வேலை செய்கிறாய்?" என்று கேளுங்கள். மூச்சு வாங்கத்தான் நிற்கிறேன் என்றால் அனுப்பிவிடுங்கள். மூன்றாம் முறை, நமக்கு என்ன வேண்டும் என்பது அதில் இருக்கிறதா என்று பாருங்கள். லேப் ரெக்கார்டில் தொடங்குங்கள், அது அப்ளிகேஷனுக்கு வரும். நாளைக்கு ஊர்க்காரர் ஒருவர் கையில் ஒரு வெள்ளைத் தாளோடு "தம்பி, ஒரு மனு எழுதிக் கொடு" என்று வந்து நிற்கும்போது, அது அவருக்கும் பயன்படும்.